தட்டு ஓரிடம், பாட்டு ஓரிடம்

கேள்வி: ஆதி தாளம் கற்றுக்கொண்டு கச்சேரிக்குப் போகிறேன். கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் வர்ணம் வரை சரியாக வருகிறது. அடுத்து கிருதி என்ற பாட்டு வகை தொடங்கியதும் கை தடுமாறுகிறது. எனக்குத் தாள ஞானமே இல்லையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயம் இருக்கிறது. பாட்டின் முதல் எழுத்தைக் கேட்டதும் தட்டு போடுகிறீர்கள், அவ்வளவுதான். 'நின்னுகோரி' போன்ற ஆதி தாள வர்ணங்கள் தட்டோடு சேர்ந்தே தொடங்கும். பாட்டு தொடங்கும் இடம்தான் எடுப்பு; தட்டோடு சேர்ந்து வந்தால் சம எடுப்பு. கிருதிகள் பலவும் தட்டு விழுந்து சற்றுக் கழித்துத்தான் தொடங்கும்.

ஒரு தட்டுக்குள் 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். 'த'வில் தட்டு. 'தி'யில் பாட்டு எடுத்தால் அரை இடம், 'மி'யில் எடுத்தால் முக்கால் இடம். அடுத்த எண்ணிக்கையாகச் சுண்டுவிரலை எண்ணும்போது வரும் 'தி'யில் எடுத்தால் ஒன்றரை இடம். தேசாதி என்ற ஆதி தாள வகையில் அமைந்த தியாகராஜரின் கிருதிகள் அப்படித்தான் எடுக்கும்.

பன்னிரண்டு வயதில் இதே இடத்தில் நானும் அழுதிருக்கிறேன். டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் வெறும் தாளம் போட வைத்தார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. வாயில் 'தகதிமி' ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் அரை இடத்தில் பாட்டை எடுத்தார். என் கை நிற்கவில்லை! அந்தச் சந்தோஷத்தை இந்த அறுபத்து மூன்று வயதிலும் மறக்க முடியவில்லை.

அதனால் பாட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பாடகரின் கையைப் பார்த்து, அவர் வாய் திறக்கும் முன்பே தாளத்தில் சேர்ந்துவிடுங்கள். மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்தையும் கவனியுங்கள். மிருதங்கக்காரர் முடிவில் வரும் கோர்வை என்ற தாளக் கோவையை மூன்று முறை வாசித்து, பெரும்பாலும் பாட்டின் எடுப்பில்தான் கொண்டுவந்து இறக்குவார். அரை இடமோ ஒன்றரை இடமோ, அங்கே பாட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நொடி வரை உங்கள் கை தப்பாமல் வந்திருந்தால், கேட்கிற சுகமே வேறு.

கேள்வி: ரூபக தாளம் ஆறு அட்சரம் (தாள எண்ணிக்கை) என்கிறது பாடப் புத்தகம். மேடையில் மூன்றுதானே எண்ணுகிறார்கள்?
- மாணவர், மதுரை

பதில்: இரண்டும் சரி. புத்தகக் கணக்கு ஒரு திருதம் (தட்டு, வீச்சு), ஒரு லகு (தட்டு, மூன்று விரல்): 2+4. மேடையில் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்சரம். தேர்வில் முதலாவதை எழுதுங்கள், பாடும்போது இரண்டாவதைப் போடுங்கள்.