வாங்குவோர் கேள்வி-பதில்: பாஸ்வேர்டு மறந்தவர்கள் வாரம்

போன முறை ஒரு வாசகருக்கு, “பாஸ்வேர்டு மறந்ததற்காகப் புது கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்” என்று ஒரு வரி எழுதினேன். அதிலிருந்து வரும் கடிதங்களில் பாதி இதே கதைதான். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நேற்று வரை போட்ட அதே பாஸ்வேர்டைத்தான் போடுகிறேன். தவறு என்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: கேப்ஸ் லாக் எரிகிறதா பாருங்கள். எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ (Num Lock) எரிகிறதா பாருங்கள். திரையின் கீழ் மூலையில் கீபோர்டு எந்த மொழியில் நிற்கிறது என்று பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் அடித்தது அப்படியே தெரியும். இதையெல்லாம் பார்க்கும் முன் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தினமும் நான்கு இலக்க எண் போட்டுத்தான் திறப்பேன். இன்று அந்த எண் செல்லாது, பாஸ்வேர்டு கொடு என்கிறது. எனக்குப் பாஸ்வேர்டே கிடையாதே!

பதில்: இருக்கிறது. வாங்கிய அன்று ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போனபோது நீங்கள்தான் வைத்தீர்கள். அந்த நான்கு இலக்கம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். அதற்குப் பின்னால் மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்று இருக்கும். லாகின் திரையில் உங்கள் ஈமெயில் முகவரி தெரிந்தால் அதுதான். போனில் மைக்ரோசாப்டின் தளத்துக்குப் போய், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதைத் தட்டினால், நீங்கள் முன்பு கொடுத்த எண்ணுக்கோ ஈமெயிலுக்கோ ஒரு குறியீடு வரும். புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு விஷயம். அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் முன் லாகின் திரையிலேயே வைஃபையை இணையுங்கள். இணையம் இல்லாத மெஷினுக்குப் பழைய பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியும். “புதுசும் வேலை செய்யவில்லை” என்று எழுதிய மூன்று பேருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: பாஸ்வேர்டு மறந்த லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன். மறுநாள் “சரியாகிவிட்டது” என்று தந்தார்கள். திறந்தால் காலி. பதினோரு வருடப் படங்கள், அப்பாவின் மருத்துவக் குறிப்புகள், எதுவும் இல்லை. கேட்டால், “ஃபார்மட் பண்ணாமல் எப்படித் திறப்பது?” என்கிறார்கள்.

பதில்: முதல் வேலையாக அந்த லேப்டாப்பை அணைத்து வையுங்கள். புதிதாக எதையும் அதில் ஏற்றாதீர்கள். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், டேட்டா மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள், ஓரளவு திரும்பி வர வாய்ப்புண்டு. மேலே புதுசு எழுதப்பட எழுதப்பட அந்த வாய்ப்பு குறையும். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க் என்றால் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்குத் தைரியமில்லை. அழிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துக்கொள்ளும் ரகம். ஆனால் ஒன்று, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

இப்போது என் பல நாள் எரிச்சல். ‘ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்’ என்பது பல வீட்டுக் கம்ப்யூட்டர்கள் விஷயத்தில் சுத்தப் பொய். விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். உள்ளே இருக்கும் சாமான்களை அவர் பெட்டியில் போட்டுப் பூட்டுவதில்லை. பெட்டியைப் பூட்டுவது என்க்ரிப்ஷன் என்ற வேறு விவகாரம். அது இல்லாத டிஸ்க் என்றால் வாட்ச்மேனை எழுப்பாமலே கொல்லைப்புறமாகப் போய்விடலாம். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பென் டிரைவிலிருந்து உங்கள் மெஷினை ஸ்டார்ட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் டிஸ்க் ஒரு ஐகானாகத் தெரியும். அதைக் கிளிக் செய்ததும் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரும், அதற்குள் உங்கள் பெயரும் வந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஃபோல்டருக்குப் பதில் சாவி கேட்டால் பெட்டி பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். (ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வித்தை பொருந்தாது. அங்கே தவறான பாஸ்வேர்டை மூன்று முறை போட்டால், ஆப்பிள் கணக்கு வழியாக மாற்றும் யோசனையை மெஷினே பெரும்பாலும் காட்டும்.)

இந்தச் சோதனையைக்கூடச் செய்து பார்க்காமல் ஃபார்மட் செய்வது சோம்பேறித்தனம். ஃபார்மட் என்றால் பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். காப்பி எடுப்பது என்றால் பக்கத்தில் இருக்க வேண்டும். பில் மட்டும் சோம்பேறித்தனத்துக்குத் தகுந்தாற்போல் குறைவதில்லை.

உங்கள் புகாரை எழுத்தில் கொடுங்கள். கேட்காமல் அழித்ததற்கு மீட்புச் செலவைக் கேளுங்கள். மற்றவர்கள், மெஷினைக் கொடுக்கும்போதே ரசீதில் ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். அதை எழுத முகம் சுளிக்கிறவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ‘எந்தப் பாஸ்வேர்டும் ஐந்தே நிமிடத்தில்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். நானும்தான். என் மைத்துனர் கம்ப்யூட்டருக்காக இதே ரகத்தில் ஒன்று வாங்கினேன். இலவசப் பதிப்பு அவர் பெயரைப் பட்டியலில் காட்டியது, பக்கத்தில் பச்சை டிக் வேறு போட்டது. கடைசிப் பட்டனை அழுத்த மட்டும் காசு. கட்டி அழுத்தினேன். ‘டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது’ என்றது. அது காசு கட்டும் முன்பே அதற்குத் தெரியாதா என்ன?

நீங்கள் பார்ப்பது பிட்லாக்கர், அதாவது விண்டோஸோடு வரும் என்க்ரிப்ஷன் பூட்டு. நான் போட்டதேயில்லை என்பீர்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாப்ட் கணக்கு கொடுத்துப் புதிதாக அமைக்கும் பல மெஷின்களில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. நல்ல செய்தி, அப்படிப் பூட்டும்போது சாவியை அந்தக் கணக்கிலேயே போட்டு வைக்கும். போனில் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் சாவி இருந்தால், நீலத் திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளோடு பொருந்துவதுதான் உங்களுடையது. அங்கேயும் இல்லை, அச்சடித்தும் வைக்கவில்லை என்றால் எந்த சாஃப்ட்வேரும் திறக்காது, மைக்ரோசாப்டும் திறந்து தர முடியாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றப் போனால் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று கேட்கிறது. சரியாகச் சொன்னாலும் ஏற்கவில்லை.

பதில்: நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பீர்கள். ‘ழ’வுக்கு ‘zh’ போட்டீர்களா, ‘l’ போட்டீர்களா? நெடிலுக்கு ஒரு ‘a’வா, இரண்டா? எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு உதவிக்கு என்று இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு அழைத்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். என் இன்னொரு லேப்டாப்பில் ஏதோ ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். கார்டு விவரமும் வாங்கினார். இப்போது பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர் அந்த மரியாதைக்காரர். இன்றே செய்யுங்கள்: அந்த லேப்டாப்பின் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கிக்கு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணிலேயே அழைத்து, கார்டை முடக்குங்கள். ஈமெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அவர் ஏற்றச் சொன்ன செயலியை அதன் பிறகு நீக்கலாம். போலீசில் புகார் கொடுங்கள். வீட்டில் சொல்லுங்கள், அடுத்த அழைப்பை எடுக்கப்போவது அவர்களாக இருக்கலாம். உண்மையான மைக்ரோசாப்ட் ஊழியரே பேசினாலும் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை அவரால் மாற்றித் தர முடியாது. அந்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது.

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்று மலிவாகக் கிடைத்தது. திறந்தால் யாரோ ஒருவரின் பெயர், பாஸ்வேர்டு கேட்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: காசு கொடுக்கும் முன் ஆன் செய்து பார்த்தீர்களா? கடிதத்தில் அந்த வரியைக் காணோம். விண்டோஸ் என்றால், லாகின் திரையில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், ரீசெட் என்று போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கலாம். ஆப்பிள் என்றால், பழைய உரிமையாளரின் கணக்கோடு ஆக்டிவேஷன் லாக் போட்டிருந்தால் அழித்தாலும் அதே பூட்டு திரும்ப வரும்; அவர்தான் எடுத்துவிட வேண்டும். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம் என்று உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

கேள்வி: மூன்றாவது முறையாக மறந்துவிட்டேன். பாஸ்வேர்டே இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வங்கிப் பக்கம் அதே பிரவுசரில்தானே திறந்து கிடக்கிறது? கூடாது.

கேள்வி: நோட்டில் எழுதி வைத்தால் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். தவறா?

பதில்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நோட்டு நல்ல இடம். அந்த 48 இலக்கத்தையும் அதிலேயே எழுதுங்கள். நோட்டை லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். கேலி செய்கிறவர்கள்தான் நாளைக்கு அதைத் தேடுவார்கள். நான் இதற்கென்றே எண் பூட்டு போட்ட டைரி ஒன்று வாங்கினேன், தோல் அட்டை, பார்க்க அம்சமாக இருந்தது. மூன்றாம் மாதம் பூட்டின் எண் மறந்துபோய் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். இப்போது அட்டை இல்லாமல், ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் இருக்கிறது.