வாரம் ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் நம் வயிற்றுக்குள் போகிறதாமே? மைக்ரோபிளாஸ்டிக் உண்மையிலேயே உடம்பைக் கெடுக்குமா?

கார்டு கணக்கை முதலில் ஓரங்கட்டிவிடலாம். 2019-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காகப் போட்ட கணக்கு அது. வாரத்துக்கு 5 கிராம் என்றார்கள். அதே குழு பிறகு ஆய்விதழில் எழுதியபோது 0.1 கிராமிலிருந்து 5 கிராம் வரை என்று போட்டது. செய்தியில் ஒட்டிக்கொண்டது மேல் எண் மட்டும்தான். 2021-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் மீன், உப்பு, தண்ணீர், காற்று என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மைக்ரோகிராம்கூட, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட, வரவில்லை. அந்த வேகத்தில் ஒரு கார்டைத் தின்று முடிக்க இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். எல்லா உணவையும் அவர்கள் சேர்க்கவில்லை என்பது உண்மைதான். சரி, பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்போதும் இரண்டாயிரம் ஆண்டு.

உப்பில் இருக்கிறதே என்று பலர் பதறுகிறார்கள். டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2024-இல் பத்து வகை உப்பைச் சோதித்தது. எல்லாவற்றிலும் இருந்தது, ஆனால் அதிகபட்சமே கிலோவுக்கு 89 துண்டு. நாளுக்குப் பத்து கிராம் உப்பு சேர்த்தாலும் ஒரு துண்டு தேறாது. அவ்வளவு உப்பு சாப்பிட்டால் கவலைப்பட வேண்டியது ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான்.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். எடையை வைத்து இதை அளப்பதே சரியில்லை. 5 மில்லிமீட்டருக்குக் கீழே எல்லாமே மைக்ரோபிளாஸ்டிக்தான், ஆனால் 150 மைக்ரானுக்கு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) மேற்பட்ட துண்டுகள் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. பயப்பட வேண்டியது குடல் சுவரையும் நுரையீரலையும் தாண்டுகிற பொடிகளைப் பற்றி. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வு. மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்தால் அறுவை செய்து அந்தப் படிவை எடுப்பார்கள். அப்படி எடுத்த படிவுகளைச் சோதித்து, 257 நோயாளிகளைச் சுமார் மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. நம் கேரி பேக் எதில் செய்யப்படுகிறதோ அதே பொருள். 31 பேரிடம் பிவிசியும் இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்நியப் பொருளை விழுங்கித் தீர்க்கும் நம் உடம்பின் காவல் செல்களுக்குள்ளேயே ஓரம் கொரகொரவென்றிருந்த துண்டுகள் தெரிந்தன. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று நேரும் அபாயம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அவர்களே சொல்லவில்லை. சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் பிளாஸ்டிக் இருந்தவர்கள் பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது; அதைக் கணக்கில் கழித்த பிறகும் நாலரை. ஒரே ஒரு ஆய்வு, வேறு ஊர்களில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஆனாலும் என்னால் இதைத் தள்ளிவிட முடியவில்லை.

2025-இல் வந்த 'மூளையில் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக்' செய்தியை நான் அந்த அளவுக்கு நம்பவில்லை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் திசுவைச் சூடாக்கி, கிளம்பும் வாயுவை அளந்தார்கள். கொழுப்பைச் சூடாக்கினாலும் பாலிஎத்திலீன் மாதிரியே அடையாளம் காட்டும் என்பது வேதியியல்காரர்களின் ஆட்சேபம். மூளையிலோ கொழுப்பு அதிகம். மூளையில் பிளாஸ்டிக் இருக்கலாம், ஆனால் 'ஒரு ஸ்பூன்' என்ற அளவு நிற்காது.

பிளாஸ்டிக் பொடி மனிதனைக் கெடுக்குமா என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு, யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நைலான் இழையைப் பொடியாக நறுக்கித் துணியில் ஒட்டி வெல்வெட் மாதிரி ஆக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. 1998-இல் மருத்துவர்கள் அதைத் தனி நுரையீரல் நோயாகவே பதிவு செய்தார்கள். வேலையை விட்டு விலகியவர்களில் பலருக்கு மூச்சு தேறியது. நாள் முழுக்கச் சுவாசிக்கும் அளவு வேறு, வீட்டில் பாலியஸ்டர் திரைச்சீலையிலிருந்து உதிரும் அளவு வேறு. ஆனால் 'உடம்புக்கு ஒன்றும் செய்யாது' என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்புறம், நீங்களும் நானும் என்ன செய்வது? சூட்டையும் பிளாஸ்டிக்கையும் சேரவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐஐடி கரக்பூர் 2020-இல் பேப்பர் கப்பைச் சோதித்தது. உள்ளே நீர் ஊறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசியிருப்பார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் கால் மணி நேரம் இருந்தால் அதில் சுமார் 25,000 துகள்கள் கலக்கின்றன. பிளாஸ்டிக் பால் புட்டியில் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் லிட்டருக்கு 1.6 கோடி வரை போகும் என்றது டப்ளின் டிரினிட்டி கல்லூரி. கைக்குழந்தை உள்ள வீட்டில் பாலை எவர்சில்வரில் கலக்கி, ஆறிய பிறகு புட்டிக்கு மாற்றுங்கள்.

நம்மூர் பார்சல் டீயை யாராவது ஒழுங்காகச் சோதித்தால் தேவலை. பாய்லரிலிருந்து இறங்கிய டீயை மெல்லிய கவரில் ஊற்றி, வாயைச் சுருட்டி, நூலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்குவார் மாஸ்டர். கையில் வாங்கும்போதே கவர் தொளதொளவென்று இளகியிருக்கும். ஆபீஸ் மாடி ஏறி, கப் தேடி, பிரித்து ஊற்றுவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. ஆனால் கடையில் கவர் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஃபிளாஸ்க் கொண்டு போனால் போதும், மாஸ்டர் கொஞ்சம் கூடவே ஊற்றுவார்.

தண்ணீருக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 2024-இல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். கடினநீராக இருந்தால் சுண்ணாம்பு பிரிந்து, பிளாஸ்டிக் துகள்களைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. 90 சதவீதம் வரை குறைந்தது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். ஆறவிட்டு, கலக்காமல் மெல்லிய துணியில் வடிகட்டி, அடி வண்டலைக் கொட்டிவிடுங்கள். மென்னீரில் கால்வாசிதான் போகும், ஆகவே சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்களுக்கு இதில் லாபம் குறைவு.