மைதானக் கேள்வி - பதில்: 4 நிமிடம் 33 நொடி மெதுவா?

கேள்வி: பிளஸ் 1 படிக்கிறேன். குறுவட்டப் போட்டியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 41 நொடியில் ஓடி இரண்டாவதாக வந்தேன். 1896இல் முதல் ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தை வென்றவருக்கு 4 நிமிடம் 33 நொடி ஆனதாம். "அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் உனக்கும் பதக்கம்தான்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அவர்கள் அவ்வளவு மெதுவாகவா ஓடினார்கள்? (மாணவர், வலங்கைமான்)

பதில்: தம்பி, நீ சொன்ன அந்த 4:33 சரிதான். 1896 ஏப்ரல் 7 அன்று ஏதென்ஸில் ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக் 4 நிமிடம் 33.2 நொடியில் முதலில் வந்தார். அமெரிக்காவின் ஆர்தர் பிளேக் இரண்டாவது, பிரான்ஸின் அல்பின் லெர்மூசியோ மூன்றாவது. ஆனால் அவர்கள் எந்தத் தரையில் ஓடினார்கள் என்று பார்க்காமல் நேரத்தை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

அது பழங்காலத்து அரங்கம். பளிங்குப் படிகளைப் புதுப்பித்து அழகாக்கினார்களே தவிர, உள்ளே இருந்த இடம் ஒடுங்கி நீண்டது. ஒரு சுற்று 330 மீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் நீண்ட நேர்பாதை, முனைகளில் மட்டும் சட்டென்று திருப்பம். முட்டுச்சந்தில் மாட்டுவண்டியைத் திருப்புவது போல வேகத்தை இழந்துதான் திரும்ப முடியும். 1500 மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பது திருப்பம். லண்டனிலிருந்து சார்லஸ் பெரி என்ற மைதானக் காப்பாளரை வரவழைத்துப் பாதை போட்டார்கள். அப்படியும் தரை கெட்டிப்படாமல் காலடியில் நழுவியது. போதாததற்கு, நாம் இடப்பக்கமாகச் சுற்றுகிறோம். அங்கே வலப்பக்கமாக ஓடினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1886இல், இங்கிலாந்தின் வால்டர் ஜார்ஜ் ஒரு மைலை 4 நிமிடம் 12¾ நொடியில் முடித்துவிட்டார். மைல் என்பது 1500 மீட்டரைவிட 109 மீட்டர் அதிகம் என்பதை நினைவில் வை. அவர் பணத்துக்கு ஓடியவர். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் இடமில்லை. 1895இல் 4 நிமிடம் 15.6 நொடியில் மைல் ஓடிய, பணத்துக்கு ஓடாத அமெச்சூர் வீரர் தாமஸ் கானெஃபும் ஏதென்ஸுக்கு வரவில்லை. ஆகவே அந்தக் காலத்து மனிதர்கள் மெதுவானவர்கள் என்று சொல்ல வழியே இல்லை. 4:33 என்பது அந்த ஒரு பிற்பகலின் நேரம், அந்த ஒரு பாதையின் நேரம்.

இப்போது உன் 4:41க்கு வருகிறேன். நம் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் 200 மீட்டர் சுற்றுதான். 1500க்கு ஏழரைச் சுற்று, பதினைந்து வளைவு. 400 மீட்டர் டிராக்கில் ஏழே வளைவு. நம் களிமண் தரையில் வளைவைக் குனிந்து பார்த்திருக்கிறாயா? ஒவ்வொருவரின் வலது காலும் மண்ணை வெளிப்பக்கம் தள்ளித் தள்ளி, போட்டி முடிவதற்குள் அங்கே சிறு வரப்பே எழும்பியிருக்கும். உன் நொடிகளில் பல அந்த வரப்பில்தான் கிடக்கின்றன. ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்து மாணவரைக் கழித்துக்கட்டும் தேர்வாளர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நேரத்தைவிட ஃப்ளாக் ஓடிய விதத்தைப் பார். லெர்மூசியோ ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டார். ஃப்ளாக்கும் பிளேக்கும் பதறவில்லை. கடைசிக் கட்டத்தில்தான் அவரைத் தாண்டினார்கள். இறுதி நேர்பாதையில் ஃப்ளாக் பிளேக்கையும் விட்டுப் பிரிந்தார். நீ இரண்டாவதாக வந்தாயே, முதல் சுற்றிலேயே முன்னால் ஓடிப் பிடிபட்டாயா, பின்னால் இருந்து எட்டாமல் போனதா? அதை எழுதாமல் விட்டுவிட்டாய். எனக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: என் மகன் 800, 1500 இரண்டும் ஓடுகிறான். இப்போது 3000 மீட்டருக்கும் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். உடம்பு தாங்குமா? (வாசகி, பாபநாசம்)

பதில்: அம்மா, மேலே சொன்ன ஃப்ளாக்கின் வாரத்தையே சொல்கிறேன். ஏப்ரல் 6 அன்று 800 மீட்டர் தகுதிச் சுற்று. 7 அன்று 1500. அடுத்து டென்னிஸும் ஆடினார். 9 அன்று 800 இறுதி, 2 நிமிடம் 11 நொடியில் அதிலும் முதலிடம். அதுவரை சரி. மறுநாளே மாரத்தானில் இறங்கினார். அவ்வளவு தூரம் அதற்கு முன் அவர் ஓடியதே இல்லை. ஒரு கட்டத்தில் முன்னிலைக்கும் வந்தார், ஆனால் 37 கிலோமீட்டர் வாக்கில் நிலைகுலைந்து விழுந்தார். பிளேக்கும் லெர்மூசியோவும்கூட அதே மாரத்தானில் பாதியில் நின்றவர்கள். லெர்மூசியோ மாரத்தானுக்காக 800 இறுதியையே விட்டுக்கொடுத்திருந்தார், பாவம்.

800உம் 1500உம் சேர்ந்து போகும். ஒரே நாளில் இருந்தால் இடையில் போதிய ஓய்வும் தண்ணீரும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதற்கு இந்த ஆண்டு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் புள்ளிகள் வேண்டும் என்பதற்காக ஒரு பையனை மூன்று ஓட்டத்தில் நிறுத்துவது தவறு.

கேள்வி: ஃப்ளாக் பிறகு என்ன ஆனார்? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: லண்டனில் கணக்காளராகப் பயிற்சியில் இருந்தபோதுதான் ஏதென்ஸ் போனார். பிறகு ஆஸ்திரேலியா திரும்பி அதே தொழிலைப் பார்த்தார், கறவை மாடுகளும் வளர்த்தார். 1935இல் காலமானார்.

கேள்வி: இந்த ஓட்டங்களில் நம் நாட்டவர் யாரும் பெரிய அளவில் வென்றதில்லையா? (வாசகர், கொரடாச்சேரி)

பதில்: ஏன் இல்லை? 1951இல் புது டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே 800 மீட்டரில் ரஞ்சித் சிங், 1500 மீட்டரில் நிக்கா சிங், இருவருக்கும் தங்கம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிவரை போய் ஏழாவதாக வந்த ஸ்ரீராம் சிங்கின் 1 நிமிடம் 45.77 நொடியை 2018 வரை எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள்! அந்தப் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது வருத்தம் தருகிறது.

கேள்வி: ஐப்பசி பிறந்தால் எங்கள் மைதானம் சேறு. தை வரை பிள்ளைகளை எங்கே ஓடவிடுவது? (உடற்கல்வி ஆசிரியை, நீடாமங்கலம்)

பதில்: வெண்ணாற்றுக் கரையில் ஓடவிடுங்கள். வளைவே இல்லாத நல்ல பாதை நமக்குத் தானாகக் கிடைத்திருக்கிறது. மழை விட்டதும் மேட்டுக்கரை விரைவில் காயும். நெல் மூட்டை ஏற்ற லாரி வராத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் டேப்பைப் பத்து முறை பிடித்து 300 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் மரத்தில் சுண்ணாம்பு பூசுங்கள். ஐந்து முறை ஓடினால் 1500. ஒவ்வொன்றையும் 54 நொடியில் முடித்தால் மொத்தம் நாலரை நிமிடம். ஆரம்பத்தில் இடையிடையே நடக்கவிடுங்கள். பிறகு நடையைக் குறையுங்கள். முதல் 300ஐ 48 நொடியில் ஓடிக் காட்டும் பிள்ளையைப் பாராட்டாதீர்கள். ஐந்தாவதையும் 54இல் முடிப்பவரைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். வலங்கைமான் தம்பியும் இதையே செய்யலாம்.