அந்தச் சத்தம் எப்போது வருகிறது? – மெக்கானிக் பதில்கள்

கேள்வி: ஐயா, ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். பார்க்கப் போனபோது இன்ஜின் அமைதியாகத்தான் இருந்தது. வாங்கி வந்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகமாகிறது. இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடுகிறது. ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

'டக் டக்' என்பதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவர் காதுக்கு டக் டக், இன்னொருவர் காதுக்கு டிக் டிக். 'இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடுகிறது' என்று எழுதினீர்களே, எனக்கு வேண்டியது அதுதான். குளிர்ந்த இன்ஜினில் வந்து, சூடேறியதும் போகிற சத்தம் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இன்ஜினை இறக்க வைக்கிற சத்தம், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து வருவது. அதன் குணம் உங்கள் சத்தத்துக்கு நேர் எதிர். ஆயில் சூடாகி நீர்த்துப்போகப் போக அது கூடும். 2,000, 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், கீழே ஆயில் பான் பக்கமிருந்து 'டம் டம்' என்று கனமாகக் கேட்கும். சூடான பிறகு உங்கள் வண்டியில் சத்தமே இல்லை என்றால், ராடு பேரிங்கை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன்.

அடுத்து டேப்பட், அதாவது வால்வுகளைத் தள்ளித் திறக்கிற பாகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேலே இருந்த ஆயில் கீழே இறங்கிவிடும். ஆயில் நிரம்பி வேலை செய்கிற ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜின் என்றால், மறுபடி ஆயில் ஏறி நிரம்பும் வரை தட்டும். பெரும்பாலும் சில விநாடிதான். ஆயில் ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி ஒழுகாமல் தடுக்க ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது. காலைச் சத்தம் கொஞ்சம் நீளும். ஆனாலும் மூன்று நிமிஷம் என்பது டேப்பட்டுக்கு அதிகம்.

எனக்கு முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல், அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கி வெளியே அனுப்புகிற குழாய். அது சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் சந்தை அடைக்கிற கேஸ்கெட் போயிருந்தாலோ, அதைப் பிடித்திருக்கிற ஸ்டட் (போல்ட்) ஒன்று முறிந்திருந்தாலோ, ஒவ்வொரு முறையும் புகை அந்தச் சந்து வழியாக அடித்து வெளியேறும். கேட்பதற்கு அசல் டேப்பட் சத்தம்தான். இரும்பு சூடேறி விரிந்ததும் சந்து மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் மை தீற்றியது போல் கறுப்பாகப் படிந்திருந்தால் கசிவு அங்கேதான். ஓரத்து ஸ்டட்களைத் தவறாமல் பாருங்கள். சத்தம்தான் போய்விடுகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. காரின் உள்ளே வந்தால் மூக்குக்குத் தெரியாது.

அதுவும் இல்லையென்றால் பிஸ்டன். தேய்ந்த பிஸ்டன் குளிரில் சிலிண்டருக்குள் ஆடி, பக்கச் சுவரில் இடிக்கும். மந்தமான சத்தம். அலுமினியம் சூட்டில் விரிந்ததும் ஆட்டம் அடங்கிவிடும். ஆயில் குறையவில்லை, நீலப் புகை இல்லை என்றால் அப்படியே ஓட்டலாம். இந்தச் சத்தத்தோடு பல வருஷம் ஓடுகிற வண்டிகள் உண்டு. இதற்காக இன்ஜினைப் பிரிக்க நான் சொல்ல மாட்டேன்.

இவற்றைப் பிரித்து அறிய ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரும் ஒரு முழ ரப்பர் குழாயும் போதும். ஸ்க்ரூ டிரைவர் முனையை டேப்பட் கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் அழுத்துங்கள். பிறகு கீழே பிளாக் மேல் வையுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். காற்றுக் கசிவுக்கு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்துங்கள். தொங்குகிற துணி, நீள முடி இதெல்லாம் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் குழப்பம் என்றால், சத்தம் இருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இக்னிஷன் காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் கனெக்டரை எடுப்பதே நல்லது. நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் கையே வைக்காமல் ஸ்கேனர் வழியாக நிறுத்த வேண்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்கினால் அதன் பிஸ்டனோ, அங்கே உள்ள புகைக் கசிவோ காரணம். எதை நிறுத்தினாலும் மாறாமல் தட்டினால் டேப்பட் பக்கம் திரும்பலாம்.

கெட்டி ஆயில் யோசனைக்கு வருகிறேன். 5டபிள்யூ-30 என்ற நீர்த்த கிரேடு கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி கிரேடை ஊற்றினால், காலையில் ஆயில் மேலே ஏற இன்னும் நேரமாகும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது என்றால், அதுவும் சேர்ந்து கடகடக்கும். கெட்டி ஆயில் அமுக்குவது சூட்டில் வரும் சத்தத்தை. அதனால்தான் பழைய கார் விற்கிறவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம்! ஆயிலை மாற்றுங்கள், ஆனால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு, நல்ல ஃபில்டர்.

நீங்கள் பார்க்கப் போனபோது ஏன் கேட்கவில்லை என்றால், இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக் காலையில் வருகிறேன், நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது கரகரவென்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. இன்ஜின் கோளாறா?

பதில்: இல்லை. கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலில் கியர் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

கேள்வி: ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிடுகிறது. சோப்புத் தேய்க்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சோப்பைக் குளிக்க வைத்துக்கொள்ளட்டும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. சத்தம் நின்று, தண்ணீர் காய்ந்ததும் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுசும் கீச்சிடும்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது, அடியில் 'டம் டம்' என்று கேட்கிறது. வேலைக்குப் போக 40 கிலோமீட்டர். போய் வந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இன்ஜினை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கும் சத்தமும் போகவில்லையா, உடனே அணைத்துவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் சரியாக இருந்தால் விளக்கைப் பொறுத்தவரை சுவிட்ச்தான் கோளாறு. சத்தத்தைத் தனியாகத் தேட வேண்டும். அப்புறம், ஐடிலில் எவ்வளவு, 2,000 ஆர்.பி.எம்.மில் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள், இன்ஜின் சூடாக இருக்கும்போது எடுத்ததாக.