அனுப்பும் பட்டன் யார் கையில்? ஏஐ மார்க்கெட்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: 'மார்க்கெட்டிங்கை மொத்தமாக ஏஐயிடம் விட்டுவிட்டு நான் தொழிலை மட்டும் பார்க்கலாமா?' ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்ன தொழில், எத்தனை வாடிக்கையாளர் என்று எதுவும் சொல்லாமல் 'அவசரம்' என்று மட்டும் எழுதியவர்களை ஓரமாக வைத்துவிட்டேன். மாதிரிக்கு ஒருவர் மட்டும் கீழே இருக்கிறார்.

சின்ன ஜிம் ஒன்று நடத்துகிறேன். மாதம் 30 போஸ்ட்டையும் ஏஐயே எழுதிப் போட்டுவிடுமா?

எழுதும், போடவும் செய்யும். 30 நாளும் சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறதா? இல்லையென்றால் 'ஆரோக்கியமே செல்வம்' என்பதையே முப்பது விதமாகப் புரட்டிப் போடும். மூன்றாம் நாளே ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். நேரிலும் போனிலும் ஆட்கள் கேட்பதை அவர்கள் வாயில் வந்தபடியே குறித்து வையுங்கள். 'முட்டி வலி இருக்கு, சேரலாமா?', 'ஒரு மாசம் வராட்டி கட்டின காசு போயிடுமா?' என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பேசுகிற பதிலை இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாகப் பதிந்து, அதை எழுத்தாக்கிச் சுருக்கும் வேலையை ஏஐக்குக் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று போஸ்ட் போதும். சரக்கு உங்களுடையதாக இருக்கட்டும், அதற்குப் பொட்டலம் கட்டும் வேலையை அது பார்க்கட்டும். வெளியே போவதற்கு முன் ஒரு மனிதக் கண் படட்டும். இந்தக் கருத்து இன்னும் சில இடங்களில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், பெஸ்ட் ஏஐ டூல் எது? அர்ஜென்ட்.

எதற்கு? நீங்கள் தைக்கிறீர்களா, பல் பிடுங்குகிறீர்களா என்று தெரியாமல் கத்தி சொல்வதா, ஊசி சொல்வதா?

ஏஐ எழுதும் தமிழ் கேப்ஷன் எனக்கே பிடிக்கவில்லை. என்னமோ அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. 'உங்கள் அழகை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்' என்று எந்த சலூன்காரரும் வாய் திறந்து சொன்னதில்லை. இந்த மாடல்கள் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கில விளம்பர நடைக்குத் தமிழ்ச் சட்டை மாட்டி அனுப்புகின்றன.

'நல்ல தமிழில் எழுது' என்று ப்ராம்ப்ட் கொடுத்துப் பயனில்லை. நீங்களே வாடிக்கையாளருக்கு அனுப்பிய பழைய வாட்ஸ்அப் மெசேஜ்களில் பத்துப் பன்னிரண்டை, பெயரும் நம்பரும் நீக்கிவிட்டுக் கொடுத்து, 'இந்த ஆள் பேசுகிற மாதிரி எழுது' என்று கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அப்படியும் பத்தில் மூன்றைக் குப்பையில்தான் போடவேண்டியிருக்கும்.

தமிழில் கேட்டால் ஏபிஐ கட்டணம் கூடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. ஏபிஐ என்பது உங்கள் மென்பொருளை ஏஐயுடன் இணைக்கும் வழி. அதன் கட்டணம் டோக்கன் கணக்கில், அதாவது ஏஐ எழுத்தை நறுக்கிக்கொள்ளும் துண்டுகளின் கணக்கில், ஓடுகிறது. ஒரே சேதிக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிக டோக்கன் செலவாகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், 116 டோக்கன் பிடித்த தமிழ் வரி 35 ஆகச் சுருங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சில நூறு மெசேஜ் அனுப்பும் கடைக்கு இது ஒரு செலவே இல்லை. கவலைப்பட வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

ஒருவர் 10,000 வாட்ஸ்அப் நம்பர் தருகிறேன் என்கிறார். ஏஐ மெசேஜ் எழுதிக்கொள்ளும், மென்பொருள் தானாக அனுப்பும். வாங்கலாமா?

வேண்டாம். உங்களைக் கேட்காத பத்தாயிரம் பேரிடம் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஏஐ எதற்கு?

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பெரிய அளவில் அனுப்ப முறையான ஏபிஐ வழி இருக்கிறது. அங்கேயும் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். அவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் இயல்பாகப் பதில் எழுதலாம். அது தாண்டினால் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜ்தான். இந்த வேலிகளை எகிறிக் குதிக்கத்தான் அந்த ஆசாமி மென்பொருள் விற்கிறார். நாலு பேர் 'பிளாக்' அழுத்திப் புகார் கொடுத்தால் நம்பர் முடங்கலாம். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்த நம்பர்! அது போன பிறகு எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.

ஏசி சர்வீஸ் செய்கிறேன். இரவில் வரும் விசாரணைக்குச் சாட்பாட் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அதன் வாயை நீங்கள் கட்டிவைக்க வேண்டும். பெயர், பகுதி, என்ன கோளாறு, எப்போது வரலாம் என்ற நான்கையும் கேட்டு வாங்கட்டும். விலை, கேரண்டி, ரீஃபண்ட் மூன்றிலும் 'காலையில் எங்கள் ஆள் கூப்பிடுவார்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ஏனென்றால் அது சொன்னது நீங்கள் சொன்னதுதான். ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம், குடும்பத்தில் துக்கம் என்றால் டிக்கெட் எடுத்த பிறகும் 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வாதம் எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சுமார் 800 கனடா டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்காவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் சாட்பாட்டைப் பேச்சில் மடக்கி, ஒரு டாலருக்குக் காரைத் தர ஒப்புக்கொள்ள வைத்தார் ஒருவர். கார் கைமாறவில்லை, ஆனால் மானம் போனது.

போட்டிக் கடைக்கு 200 ரிவ்யூ, எனக்கு 18. ஏஐயிடம் விதவிதமாக 50 ரிவ்யூ எழுதச் சொல்லி நண்பர்கள் அக்கவுண்ட்டில் போடலாமா? வரும் ரிவ்யூக்கெல்லாம் ஏஐயே தானாகப் பதில் போடும்படி செட் செய்யலாமா?

இரண்டு கேள்வி, இரண்டுமே என் ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை.

முதலாவது பொய்ச் சாட்சி. 'மார்க்கெட்டிங்' என்று பெயர் வைத்தால் மாறிவிடாது. கூகுளின் விதியில் போலி ரிவ்யூவுக்கு மட்டுமல்ல, பரிசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதற்கும் தடை. திருப்தியான ஆட்களைப் பொறுக்கி எடுத்து அவர்களிடம் மட்டும் கேட்பதற்கும் தடை. மாட்டினால் கொஞ்ச காலம் புதிய ரிவ்யூவே வராதபடி பூட்டலாம். 'இங்கே போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன' என்று உங்கள் பெயருக்குக் கீழேயே எச்சரிக்கையும் தொங்கவிடலாம். அதைவிட 18 ரிவ்யூ எவ்வளவோ கௌரவம். அமெரிக்காவில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கும் எஃப்டிசி (அந்நாட்டு வர்த்தக ஆணையம்) விதி, ஏஐ எழுதிய போலி ரிவ்யூக்களையும் சேர்த்தே தடுக்கிறது. தெரிந்தே செய்தால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல்கூட அபராதம் போகலாம்.

நண்பர்கள் அக்கவுண்ட்டில் போட்டால் தெரியாது என்று நினைக்கிறீர்கள். ஒரே வாரத்தில் 50 வருகிறது. எல்லாமே 'சிறந்த சேவை, நட்பான ஊழியர்கள், கண்டிப்பாகப் பரிந்துரைக்கிறேன்'. மெஷின் கண்டுபிடிப்பது இருக்கட்டும், படிக்கிற மனிதருக்கே தெரியும். நிஜ ஆள் அப்படி எழுத மாட்டார். 'லேட்டா வந்தாங்க, ஆனா வேலை சுத்தம்' என்று எழுதுவார். அந்த 'லேட்டா வந்தாங்க'தான் உங்களுக்கு ஆள் கொண்டுவரும்.

அடுத்தது தானியங்கிப் பதில். நான் பழகிய ஒரு கடையில் இதைச் செட் செய்து, மூன்று மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண்மணி, தன் அம்மா அந்தக் கடைப் படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டதை ஐந்து வரியில் எழுதியிருந்தார். கோபத்தில் ஸ்டாரைக் கவனிக்காமல் ஐந்தை அழுத்திவிட்டார் போலிருக்கிறது. கீழே கடையின் பதில்: 'உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு மனமார்ந்த நன்றி! மீண்டும் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்!' ஸ்டாரைப் பார்த்துப் பதில் போடும்படி செட் செய்திருந்தார்கள். உரிமையாளர் பிறகு நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் அதற்குள் பலர்.

உங்களுக்கு மாதத்துக்கு எத்தனை ரிவ்யூ வரும்? 18 என்பது இதுவரை வந்த மொத்தம் என்றால், மாதம் ஒன்று இரண்டு. அதற்குப் பதில் எழுத ஆட்டோமேஷனா? தட்டச்சு சிரமம் என்றால் ஏஐயை வரைவு எழுதச் சொல்லுங்கள். படித்து, அவர் குறிப்பிட்ட ஒரு விஷயத்தை உங்கள் வார்த்தையில் சேர்த்து, நீங்களே அனுப்புங்கள். மூன்று ஸ்டாருக்குக் கீழே வந்தால் ஏஐ பக்கமே போகாதீர்கள், போனை எடுங்கள்.

ஆட்டோமேட் செய்ய வேண்டிய இடம் வேறு. வேலை முடிந்த மறுநாள் எல்லா வாடிக்கையாளருக்கும், ஆமாம் சண்டை போட்டவருக்கும் சேர்த்து, ரிவ்யூ லிங்க்குடன் ஒரே ஒரு மெசேஜ் தானாகப் போகட்டும். இதைச் செய்தாலே 18 தன்னால் நகரும். 200 ஆக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பிடிக்கும். பிடிக்கட்டுமே.

பியூட்டி பார்லருக்கு 'முன்பு-பின்பு' படங்களை ஏஐயில் செய்து போடலாமா?

கூடாது. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுகிறீர்கள். பின்னணியைச் சுத்தம் செய்ய, வெளிச்சம் சரிசெய்யப் பயன்படுத்துங்கள், முகத்தைத் தொடாதீர்கள். படத்துக்குள் தமிழ் எழுத்தை ஏஐயிடம் வரையச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறி வரலாம். எழுத்தைத் தனியே டிசைன் ஆப்பில் போடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் மெட்டா விளம்பரத்தை முழுக்க ஏஐயிடம் விட்டேன். பணம் போகிறது, ஆள் வரவில்லை.

எவ்வளவு பட்ஜெட், எத்தனை நாள், எந்த நோக்கம் வைத்தீர்கள்? ஒன்றும் எழுதவில்லை. ஊகித்துச் சொல்கிறேன்.

அந்த ஏஐக்குத் தீனி வேண்டும். வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள், அதாவது விசாரணையோ புக்கிங்கோ, கிடைத்தால்தான், யாருக்குக் காட்டலாம் என்று அது கற்கும் கட்டம் முடியும் என்பது மெட்டா நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. சின்ன கடைக்கு வாரம் ஐந்து புக்கிங் வந்தால் அது இருட்டில் துழாவிக்கொண்டே இருக்கும். நீங்கள் பொறுமையிழந்து இரண்டு நாளுக்கொருமுறை விளம்பரத்தை மாற்ற, அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நோக்கத்தைப் புக்கிங்கிலிருந்து மெசேஜ் விசாரணைக்கு இறக்குங்கள். விளம்பரம் காட்டும் பகுதியைக் குறுக்குங்கள். ஒரு வாரம் கை வைக்காதீர்கள். 'லைக்' குவிகிறதே என்று மகிழ வேண்டாம், அது வாடகை கட்டாது.

ஏஐ எழுதிய நியூஸ்லெட்டர் எல்லோருக்கும் ஸ்பாமில் விழுகிறது.

எழுத்தைவிட அனுப்பும் முறையில் கோளாறு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி செய்கின்றன. மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் உங்கள் டொமைனில் அமைத்துவிடுங்கள். விலகுவதற்கு ஒரே சொடுக்கு போதும்படி வையுங்கள். ஜிமெயில் வைத்திருக்கும் எல்லை, ஸ்பாம் புகார் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்! சில விதிகள் நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கானவைதான். இருந்தாலும் 500 அனுப்புகிறவரும் செய்துவைப்பது நல்லது. இந்த மெயில் முகவரிகளையும் பட்டியல் விற்கும் ஆசாமியிடம் வாங்கியிருந்தால், 10,000 நம்பர் கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

வாடிக்கையாளர் விவரம் இருக்கும் எக்செல் ஷீட்டை அப்படியே சாட்ஜிபிடியில் ஏற்றி 'யாருக்கு என்ன ஆஃபர்' என்று கேட்கலாமா?

பெயர், போன், முகவரி மூன்று பத்தியையும் நீக்கிவிட்டு, வரிசை எண் மட்டும் வைத்து ஏற்றுங்கள். எட்டு மாதமாக வராதவர் யார், வருஷத்துக்கு ஒருமுறை வருபவர் யார் என்று பிரித்துத் தரும். கூட்டல் கணக்கைக் கண்ணை மூடி நம்பாதீர்கள், இரண்டு வரியைக் கையால் சரிபாருங்கள். கிளினிக் வைத்திருப்பவர்கள் நோய் விவரத்தை ஏற்றவே வேண்டாம்.

'தோசை சுடுவது' மாதிரி எளிதாகச் சொல்லுங்கள்: நாளைக்கே ஆட்டோமேட் செய்ய ஒரே ஒரு விஷயம்?

அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல். முந்தின நாள் ஒரு மெசேஜ். இதற்கு ஏஐகூட வேண்டாம். இரண்டாவதாக, எடுக்க முடியாமல் போன போனுக்கு உடனே ஒரு பதில் மெசேஜ்.

என் போட்டோ ஸ்டுடியோவுக்கு 11 டூல்களை இணைத்து ஒரு ஆட்டோமேஷன் வடிவமைத்திருக்கிறேன். வரைபடம் இணைத்துள்ளேன். குறை இருந்தால் சொல்லவும்.

நான்கு பக்க வரைபடம், அம்புக்குறிகளுக்குத் தனி வண்ணம். உழைத்திருக்கிறீர்கள். பாராட்டி இரண்டு வார்த்தை பேசலாம் என்று உங்கள் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அது உபயோகத்தில் இல்லையாம்.