தோளில் மூன்று நட்சத்திரம், ஜீப்பில் மூன்று நட்சத்திரம்: இராணுவப் பதவிகள் பற்றிக் கேள்வி பதில்

வாழைச்சேனை: புணானைப் பக்கம் ரெண்டு நட்சத்திரத் தகடு போட்ட ஜீப் போனது. உள்ளே இருந்தவர் லெப்டினன்டா சேர்?

இல்லை. தோள் நட்சத்திரம் வேறு, தகட்டு நட்சத்திரம் வேறு. தோளில் இரண்டு என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கப்டன். தகட்டிலோ ஒன்று பிரிகேடியர், இரண்டு மேஜர் ஜெனரல், மூன்று லெப்டினன்ட் ஜெனரல், நான்கு ஜெனரல். புணானையில் 23ஆவது படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. ஒரு படைப்பிரிவை நடத்துபவர் வழக்கமாக மேஜர் ஜெனரல். தோளைப் பார்க்கக் கிடைத்தால், வாளும் கோலும் குறுக்காக இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் ஜெனரல்.

அக்கரைப்பற்று: மேஜர் லெப்டினன்டுக்கு மேலே. பிறகு லெப்டினன்ட் ஜெனரல் எப்படி மேஜர் ஜெனரலுக்கு மேலே போனார்?

நல்ல கேள்வி. பழைய இங்கிலாந்துப் படையில் முதல் ஆள் கப்டன் ஜெனரல். அவர் இல்லாதபோது அவரிடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல். 'லெப்டினன்ட்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே பதிலாள் என்றுதான் பொருள். மூன்றாமவர் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். நாளடைவில் 'சார்ஜன்ட்' உதிர்ந்துபோய் மேஜர் ஜெனரல் மிஞ்சியது. பெயர்தான் குட்டையானது, வரிசை அப்படியே.

செங்கலடி: தம்பி ஏ.எல். முடித்துவிட்டான். ஜெனரலாக எத்தனை வருடம் செல்லும்?

ஏறத்தாழ முப்பது. தியத்தலாவைப் பயிற்சி முடித்து இரண்டாம் லெப்டினன்டாக வந்தால் கையில் முப்பது பேர் கொண்ட பிளட்டூன். மேஜராகும்போது நூறு பேருக்கு மேற்பட்ட கொம்பனி. லெப்டினன்ட் கேணலாகும்போது பட்டாலியன், அதாவது பல நூறு பேர். அநேகர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். பட்டாலியன் நடத்தாதவருக்குப் பிரிகேட், அதாவது பல பட்டாலியன்கள் சேர்ந்த படை, கிடைப்பது அரிது. மாகொலைப் பக்கம் பட்டலந்தையில் உள்ள கட்டளை, பதவிநிலைக் கல்லூரிப் பாடநெறியும் கழுத்தைப் பிடிக்கும். மேலே போகப் போக வெற்றிடம் குறையும், வயது 55ஐ நெருங்கும். விண்ணப்ப வயதுக்கும் தகுதிக்கும் வர்த்தமானியைப் பாருங்கள்.

திருக்கோவில்: தமிழர் எவராவது இராணுவத் தளபதியாக இருந்தாரா?

இருந்தார். அன்டன் முத்துக்குமாரு. 1949இல் படை உருவானபோது முதல் இரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் வந்த முத்துக்குமாருதான் முதல் உள்ளூர்த் தளபதி. ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்த பாரிஸ்டர். 1959 கடைசிவரை பொறுப்பில் இருந்தார். பிறகு பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகர்.

களுவாஞ்சிகுடி: அவர் பிரிகேடியராகத்தானே பொறுப்பேற்றார்? ஜெனரல் இல்லாதவர் எப்படித் தளபதி?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தளபதி என்பது கதிரை, ஜெனரல் என்பது தோள். படை சிறிதாக இருந்தபோது அந்தக் கதிரைக்குப் பிரிகேடியர் போதும். முத்துக்குமாரு அதே கதிரையில் இருந்தே மேஜர் ஜெனரலானார். படை பெருக்கப் பெருக்க கதிரையின் பதவியும் உயர்ந்தது.

காத்தான்குடி: பிரிகேடியரும் ஜெனரல்தான். அமெரிக்காவில் பிரிகேடியர் ஜெனரல் என்றே சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் சரி. பிரித்தானியர் 1920களிலேயே அந்த 'ஜெனரலை' வெட்டிவிட்டார்கள், இலங்கை அவர்கள் வழி.

களுவாஞ்சிகுடி: நான் சொன்னதுதானே!

காத்தான்குடி: தகட்டில் நட்சத்திரம் இருக்கிறதே நானா, அப்போ அது எதற்கு?

தகடு வாகனத்துக்கு. வாளும் கோலும் பிரிகேடியர் தோளில் இல்லை, அங்கே அரச இலச்சினையும் மூன்று நட்சத்திரமும்தான். இருவரும் இத்தோடு விடுங்கள்.

அம்பாறை: சரத் பொன்சேகா இங்கேதான் படித்தாராமே?

ஆரம்ப வகுப்புகள், மடவலலந்த பாடசாலையில். 1970இல் படையில் சேர்ந்தார், 2005 டிசம்பரில் தளபதி, 2009இல் ஜெனரல், 2015இல் பீல்ட் மார்ஷல். கடைசியாகச் சொன்னது கதிரை இல்லை, ஆயுட்காலப் பட்டம்.

ஏறாவூர்: ஜீப்பில் மூன்று நட்சத்திரம் என்றால் கப்டனா?

முதல் பதில்.

கொக்கட்டிச்சோலை: அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவரின் தோளில் என்னவோ இருந்தது. அவர் பெரிய தளபதி என்றுதான் இவ்வளவு காலமும் எழுதிக் கொடுத்தோம்.

அக்கா, காணாமல் போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே கொடுக்கும்போது 'தளபதி' என்று எழுதாதீர்கள், நீங்கள் கண்டதைத் தாளில் வரையுங்கள். எத்தனை நட்சத்திரம், இலச்சினை இருந்ததா, வாள் இருந்ததா, எந்தத் தோள். ஞாபகமில்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள். திகதியையும் இடத்தையும் அதே தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.