படுத்ததும் விழித்துக்கொள்ளும் மனம்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 46 வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். எட்டு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கண் சொக்குகிறது. படுத்து விளக்கை அணைத்ததும் மனம் ஓடத் தொடங்கிவிடுகிறது. மறுநாள் தணிக்கை, மகளின் கல்லூரிக் கட்டணம், அண்ணனிடம் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தூக்கம் போதவில்லையே என்று இப்போது 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். ஆனாலும் 2 மணி வரை புரண்டுகொண்டுதான் கிடக்கிறேன். எண்ணங்களை நிறுத்த வழி உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படுக்கையில் கிடந்தபடி எண்ணங்களை நிறுத்த முயலாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். தூங்கியே தீர வேண்டும் என்று மனத்தோடு மல்லுக்கட்டும் அந்த முயற்சியே உடம்பை இன்னும் விழிக்கச் செய்கிறது. கூடத்தில் சொக்கும் கண் படுக்கையில் விழித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தலையணையைத் திருப்பிப் போட்டு, கைப்பேசியை எடுத்து மணி பார்த்து, இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்கிட்டுக் கிடந்த இரவுகள் எல்லாம் சேர்ந்து, படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உங்கள் உடம்பைப் பழக்கிவிட்டன.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் முன்வைத்த முறை இந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கானது. கண் சொக்கும்போது மட்டுமே படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், மணி பாராமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, மறுபடியும் கண் சொக்கிய பிறகே படுக்கைக்குத் திரும்ப வேண்டும். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். முதல் ஓரிரு வாரங்கள் கடினமாகவே இருக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் மிகுந்த கவனம் தேவை.

நீங்கள் 9 மணிக்கே படுப்பது பசிப்பதற்கு முன் இலையில் உட்காருவதைப் போன்றது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கப் பசியை வளர்க்கிறது. காப்பியிலுள்ள காஃபீன் அந்தப் பசியை மூளை உணராதபடி மறைக்கிறது. மாலை 6 மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் பலருடைய உடம்பில் இருக்கும். ஆகவே பிற்பகலோடு காப்பியை நிறுத்திவிட்டு, 11 மணியளவில் படுத்துப் பாருங்கள்.

என் தந்தை மறைந்த ஆண்டில் நானும் இப்படித்தான் தவித்தேன். எனக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. இரவு உணவுக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் கவலையையும் வலப்புறம் அதற்கு நான் செய்யக்கூடிய அடுத்த சிறு காரியத்தையும் எழுதுவேன். ‘மகளின் கட்டணம்’ என்பதற்கு எதிரே ‘செவ்வாய் காலை வங்கியில் கல்விக் கடன் பற்றிக் கேட்பது’ என்று நீங்கள் எழுதலாம். நள்ளிரவில் அந்த நினைப்பு மீண்டும் வந்தாலும், அதற்குரிய இடமும் நாளும் நோட்டில் இருக்கின்றன என்று மனம் சற்றே அடங்கும்.

எட்டு மாதம் என்பது நீண்ட காலம். மருத்துவரையும் அவசியம் பாருங்கள். பலத்த குறட்டை, மூச்சுத் திணறல், தைராய்டு, மனச்சோர்வு ஆகியவை இதற்குப் பின்னால் இருக்கக்கூடும். தூக்க மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவராக இருந்தால், மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்த வேண்டாம். நான் மேலே சொன்னவற்றை உள்ளடக்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அண்ணனிடம் சொன்ன வார்த்தைக்கு மட்டும் நோட்டு போதாது. பகல் வெளிச்சத்தில், இந்த வாரமே, அவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.